உணவுப் பெட்டிகளில் வந்த பழைய பேஸ்பால் கார்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பால் கார்டு என்றால் பபிள்கம் பாக்கெட்டில் வருவதுதானே? இதில் சாப்பாட்டுப் பெட்டி எங்கே வந்தது?

பபிள்கம் கார்டுகள்தாம் பெயர் பெற்றவை. ஆனால் அமெரிக்க வீடுகளுக்குள் ஆட்டக்காரர்களின் படம் சமையலறை வழியாகவும் நுழைந்துகொண்டிருந்தது. கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டியின் முதுகில், கேக் பெட்டியின் அடியில், ரொட்டியோடு, ஹாட் டாக் பாக்கெட்டுக்குள், உருளைக்கிழங்கு சிப்ஸ் பையில், ஐஸ்கிரீம் கோப்பையின் மூடியில் என்று அது வராத இடமில்லை. நாய் உணவு டின்னின் லேபிளைக் கிழித்து அனுப்பினால் தபாலில்கூட வந்தது. நோக்கம் ஒன்றுதான்: பிள்ளை அம்மாவை நச்சரிக்க வேண்டும், அம்மா அந்த பிராண்டையே வாங்க வேண்டும். எண்பதுகளின் கடைசியில் பபிள்கம்மோடு வந்த படங்களில் ரன்னும் விக்கெட்டும் எண்ணிச் சேர்த்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தத் தந்திரத்தை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கார்டுகளைப் புரிந்துகொள்ள ஒரு பழக்கம் போதும் என்பது என் கருத்து. படத்தில் இருப்பவர் யார் என்று பார்ப்பதற்கு முன், அது எந்தப் பொட்டலத்தில், பொட்டலத்தின் எந்த இடத்தில் இருந்தது என்று கேளுங்கள். விலை, அரிது, கறை, போலி என்று நீங்கள் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே விடை இருக்கும்.

இது எப்போது தொடங்கியது?

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிகரெட் பாக்கெட்டுகள் வளையாமல் இருக்க உள்ளே வைத்த அட்டையில் படம் அச்சிட்டார்கள். 1909 முதல் 1911 வரை கேரமல் மிட்டாய்க் கம்பெனிகள் அதையே பிடித்துக்கொண்டன. உணவுக் கார்டு என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1914இன் க்ராக்கர் ஜாக். கேரமல் பூசிய சோளப்பொரியும் நிலக்கடலையும் கலந்த பண்டம் அது. பெட்டிக்குள் ஏதாவது ஒரு பரிசு வைக்கும் வழக்கத்தை 1912இலேயே தொடங்கியிருந்தார்கள்.

இத்தனை வகைகளையும் முதலில் ஒழுங்குபடுத்தியவர் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரைச் சேர்ந்த ஜெபர்சன் பர்டிக். ஆலைத் தொழிலாளி, கடுமையான மூட்டுவாதக்காரர். புகையிலைக்கு டி, பழைய மிட்டாய்க்கு ஈ என்று அவர் தன் பட்டியலில் வைத்த ஆங்கில எழுத்துக் குறிகளைத்தான் இன்றும் வியாபாரிகள் சொல்கிறார்கள். உணவுப் பொருளுக்கு அவர் வைத்தது எஃப். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுப் படங்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு 1963இல் இறந்தார். அத்தனையையும் பசை தடவி ஆல்பங்களில் ஒட்டியும் வைத்தார் என்று கேட்டால் இன்றைய சேகரிப்பாளர்கள் பல்லைக் கடிப்பார்கள். ஒட்டியிராவிட்டால் அவற்றில் எத்தனை இன்றைக்கு ஒரே இடத்தில் இருந்திருக்கும் என்பது வேறு கேள்வி.

பபிள்கம் கம்பெனிகள் இருக்கும்போது கார்ன்ஃபிளேக்ஸ்காரர்கள் ஏன் கார்டு அச்சிட்டார்கள்?

ஒப்பந்தம்தான் காரணம். பபிள்கம்மோடு கார்டு விற்ற டாப்ஸ் கம்பெனி 1956இல் தன் போட்டியாளரான போமனை வாங்கிவிட்டது. அதன்பின் ஏறக்குறைய எல்லா ஆட்டக்காரர்களிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தது. அந்த ஒப்பந்தங்கள் கட்டுப்படுத்தியது, கார்டைத் தனியாகவோ கம், மிட்டாய் வகைகளோடு சேர்த்தோ விற்பதை. தானியப் பெட்டியின் முதுகில் படம் போடுவது அந்த வேலிக்கு வெளியே இருந்தது. ஹாட் டாக்கும் அப்படியே.

இந்த வேலியின் உயரத்தை அளந்து பார்த்தது ஃப்ளீர் என்ற இன்னொரு பபிள்கம் கம்பெனி. 1963இல் அது 66 ஆட்டக்காரர்களின் கார்டுகளை வெளியிட்டது. கம் வைத்தால் வழக்கு வரும் என்பதால் பாக்கெட்டுக்குள் செர்ரி சுவையுள்ள ஒரு பிஸ்கட்டை வைத்தது. இது மிட்டாய் இல்லை, பிஸ்கட் என்பது அவர்கள் வாதம். பிஸ்கட்டில் இனிப்பைக் குறைத்ததும் அதற்காகத்தான். டாப்ஸ் விடவில்லை, நீதிமன்றம் போனது, ஃப்ளீர் தொடரை அத்தோடு நிறுத்திக்கொண்டது. சட்டத்துக்காகச் சுட்ட பிஸ்கட் எப்படி இனிக்கும்? பின்னர் ஒரு வழக்கில் வென்று 1981இல் ஃப்ளீர் மறுபடியும் சந்தைக்கு வந்தது. மேல்முறையீட்டில் டாப்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு திரும்பியதும் கம்மை எடுத்துவிட்டு ஸ்டிக்கர் வைத்து விற்றது. பாக்கெட்டுக்குள் என்ன இருந்தது என்பதே வழக்காடப்பட்ட தொழில் இது.

போஸ்ட் கார்டுகள் என்கிறார்களே, அவை என்ன?

போஸ்ட் என்பது ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தின் காலை உணவுத் தானிய பிராண்ட். 1960இல் கிரேப்-நட்ஸ் ஃப்ளேக்ஸ் பெட்டியின் முதுகு முழுவதையும் அடைக்கும் அளவில் பெரிய வண்ணப் படங்களைப் போட்டுப் பார்த்தார்கள். மொத்தம் ஒன்பது விளையாட்டு வீரர்கள். அன்றைய பெரிய நட்சத்திரம் மிக்கி மேன்டில் உள்பட ஐவர் பேஸ்பால்காரர்கள், மற்றவர்கள் அமெரிக்கக் கால்பந்தும் கூடைப்பந்தும் ஆடியவர்கள். அது எடுபட்டதால் 1961, 1962, 1963 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஆண்டுக்கு 200 பேஸ்பால் கார்டுகள் கொண்ட தொடர் வந்தது.

ஒரு பெட்டியின் முதுகில் பல கார்டுகள் அடுத்தடுத்து அச்சாகியிருக்கும். கோட்டின் மேல் வெட்டி எடுக்க வேண்டும். பின்புறம் வெறும் அட்டை. பெட்டியின் உட்புறம் அதுதானே, அங்கே தானியம்தான் இருந்தது. அதனால் ஆட்டக்காரரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, புள்ளிவிவர வரிசை எல்லாமே முன்பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும். டாப்ஸ் கார்டுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதலில் இது சந்தைக்கடை நோட்டீஸ் மாதிரி தோன்றும். எனக்குப் பிடித்ததே அந்த நெரிசல்தான்.

1961 தொடருக்கு இன்னொரு வழியும் இருந்தது. கம்பெனிக்கு எழுதிப் போட்டால் ஒரு அணிக்குப் பத்து கார்டு வீதம் துளையிட்ட தாள் தபாலில் வரும். பெட்டிக் கார்டு தடித்த அட்டை. தபாலில் வந்த கார்டு மெலிந்தது, விளிம்பில் துளைகளின் பல் தெரியும். ஒரே ஆட்டக்காரர், ஒரே எண், இரண்டு பிறப்பு. விற்பவர் எதைக் கொடுக்கிறார் என்று கேட்டு வாங்குங்கள். 1962இல் மேன்டிலும், அதற்கு முந்தைய ஆண்டு 61 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றது) அடித்துச் சாதனை படைத்த ரோஜர் மாரிஸும் இருக்கும் போஸ்ட் கார்டுகள் லைஃப் வார இதழில் விளம்பர இணைப்பாகவும் வந்தன. பெட்டியிலிருந்து வெட்டியது என்று சொல்லி இதை விற்பவர்கள் உண்டு.

போஸ்ட் தொடரில் புகழ்பெற்றவரைவிடப் பெயர் தெரியாதவரின் கார்டு விலை அதிகமாக இருக்கிறதே, ஏன்?

டாப்ஸ் கார்டுகளில் அரிது என்றால் அச்சுத்தாளில் குறைவாக இடம் பெற்றது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். போஸ்டில் கணக்கு வேறு. அங்கே அரிதை முடிவு செய்தது காலைச் சாப்பாட்டு மேசை.

சில ஆட்டக்காரர்கள் பல தானியங்களின் பெட்டிகளிலும், சிறிதும் பெரிதுமான அளவுகளிலும் திரும்பத் திரும்ப அச்சானார்கள். வேறு சிலர் ஒரே ஒரு தானியத்தின் ஒரே ஒரு அளவுப் பெட்டியில் மட்டும் இருந்தார்கள். சர்க்கரை பூசிய ஷுகர் க்ரிஸ்ப்பும் ஆங்கில எழுத்து வடிவில் இருந்த ஆல்ஃபா-பிட்ஸும் பிள்ளைகள் கேட்டு வாங்கியவை. தவிட்டுச் சீவல் என்ன ஆகும்? அதைப் பெரியவர்கள் வயிற்றுக்காக வாங்கினார்கள். பெட்டி காலியானதும் கத்தரிக்கோல் எடுக்க அந்த வீட்டில் ஆளில்லை. நேரே குப்பைக்குப் போனது. ஆக, விற்பனையும் குறைவு, விற்றதில் வெட்டப்பட்டதும் குறைவு. அந்தப் பெட்டியில் மட்டும் இடம் பிடித்த ஒரு சாதாரண ஆட்டக்காரரை இன்று தேடிப் பிடிப்பது, எல்லாப் பிள்ளைகளும் வெட்டி வைத்த மேன்டிலைப் பிடிப்பதைவிடச் சிரமமாக இருக்கலாம்.

ஆகவே 200ஐயும் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் அந்தச் சில அரிய எண்களுக்குப் பணம் ஒதுக்கிவிட வேண்டும். எளிதானவற்றையெல்லாம் வாங்கி 190ஐத் தொட்டபின் மீதிப் பத்து, அதுவரை செலவழித்ததைவிட அதிகம் கேட்கும்.

போஸ்டையும் ஜெல்-ஓவையும் எப்படிப் பிரித்தறிவது?

ஜெல்லிப் பண்டமான ஜெல்-ஓவும் ஜெனரல் ஃபுட்ஸின் பொருள்தான், அதனால் அதே படங்களையே போட்டார்கள். 1962இல் நடுமேற்கு மாநிலங்களில் மட்டும் சோதனையாக 197 கார்டுகள் வந்தன. அந்த ஆண்டு ஜெல்-ஓ கார்டில் போஸ்ட் சின்னம் இருக்காது. புள்ளிவிவரங்களைப் பிரிக்கும் வண்ணக் கோடுகளும் இருக்காது. பார்த்ததும் தெரிந்துவிடும். 1963தான் தொல்லை. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஜெல்-ஓ உயரத்தில் ஒரு அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கு குறைவு. அளவுகோல் இல்லாமல் பேசவே கூடாது. அதுவும் வெட்டியவர் கோட்டை விட்டு வெட்டியிருந்தால் விளிம்பை அளந்து பயனில்லை, உள்ளே அச்சான கோடுகளையும் எழுத்துகளையும்தான் ஒப்பிட வேண்டும்.

கனடாவிலும் போஸ்ட் கார்டுகள் வந்தன. 1962 தொடரில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் அச்சாகியிருக்கும். டொரொன்டோ, மொன்ட்ரியல் பக்கம் இருக்கும் நம்மவர்கள் பழைய வீட்டுச் சாமான் விற்பனைகளில் அட்டைப் பெட்டிகளைக் கிளறும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

வெட்டாத அட்டை நல்லதா, வெட்டிய கார்டு நல்லதா?

பணக் கணக்கில் கேட்டால் வெட்டாதது. 1975 முதல் 1979 வரை வந்த ஹோஸ்டஸ் கார்டுகளில் இது நன்றாகத் தெரியும். ட்விங்கிஸ், கப்கேக் போன்ற சிறு கேக்குகளின் குடும்பப் பெட்டி; அதன் அடிப்பக்கத்தில் மூன்று கார்டுகள் பக்கம் பக்கமாக. ஆண்டுக்கு 150 கார்டு, அதாவது 50 மூன்றுகார்டு அட்டைகள். இவற்றில் பின்புறமும் அச்சு உண்டு. மூன்றும் பிரியாமல் இருந்தால் தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகையைவிட அதிகம் போகும். கேக் பெட்டி முழுதாகவே கிடைத்தால் அது வேறு வர்க்கம்.

என்னிடம் இருக்கும் ஒரு ஹோஸ்டஸ் கார்டைச் சொல்கிறேன். மேல் விளிம்பு நேராக, நிதானமாக வெட்டப்பட்டிருக்கிறது. புள்ளிக்கோடு முழுசாகத் தெரிகிறது. வலப்பக்கம் வரும்போது பொறுமை போய்விட்டது. கத்தரிக்கோல் இரண்டு இடத்தில் நின்று நின்று புறப்பட்ட படிகள் தெரிகின்றன, பக்கத்து ஆட்டக்காரரின் தோள் ஒரு நூலளவு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கீழ் மூலையில் நீலப் பேனாவால் ஒரு டிக். பட்டியலில் 'வந்துவிட்டது' என்று குறிக்க வேண்டிய டிக்கை அந்தப் பிள்ளை கார்டிலேயே போட்டுவிட்டது. சந்தையில் இதற்கு மதிப்பில்லை. ஆனால் இந்த வகையின் வரலாறு இதில் இருப்பதுபோல் வெட்டாத அட்டையில் இல்லை. அது யாருமே ஆசைப்படாத பெட்டி.

இது என் சொந்தச் சாய்வு. விற்க நினைத்து வாங்குபவர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக: இன்று உங்கள் கையில் வெட்டாத அட்டை கிடைத்தால் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். நேராக வெட்டித் தரச்சான்றுக்கு அனுப்பி லாபம் பார்க்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். பிழைத்து வந்த அட்டைகள் வருஷத்துக்கு வருஷம் குறைவது அதனால்தான்.

தனி ட்விங்கி கார்டு என்று ஒன்று உண்டாமே?

உண்டு. 1975, 1976 ஆண்டுகளில் மேற்கு மாநிலங்களில் ட்விங்கி சிறு பாக்கெட்டுகளில் கேக்குக்கு அடியில் வைத்த அட்டையில் ஒரே ஒரு கார்டு இருந்தது. ஆண்டுக்கு 60. பெட்டிக் கார்டுகளைவிட அரிது. கேக் நேரடியாக அதன்மேல் உட்கார்ந்திருந்ததால் எண்ணெய்க் கறை இல்லாமல் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டிய அளவுக்குக் கறை சகஜம்.

கெல்லாக்ஸ் முப்பரிமாணக் கார்டு வளைந்து போகிறதே, நிமிர்த்தலாமா?

1970 முதல் 1983 வரை கெல்லாக்ஸ் தன் பெட்டிகளுக்குள் போட்ட கார்டுகள் இவை. எக்ஸோகிராஃப் என்ற முறையில் தயாரானவை: படத்தின் மேல் வரிவரியாகப் பள்ளம் உள்ள பிளாஸ்டிக் படலம். சாய்த்துப் பார்த்தால் ஆட்டக்காரர் முன்னுக்கும் மைதானம் பின்னுக்கும் பிரிந்து நிற்கும். நகத்தால் லேசாகத் தேய்த்தால் சரசரவென்று சத்தம் வரும், தேய்க்காதீர்கள்.

பிளாஸ்டிக்கும் காகிதமும் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஒரே மாதிரி அசைவதில்லை. ஒன்று சுருங்க மற்றது சுருங்காததால் கார்டு வாழைமட்டை போல் வளைகிறது. வளைவதோடு நின்றால் பரவாயில்லை. இழுவிசை தாங்காமல் படலத்தில் மேலிருந்து கீழாகக் கீறல் விடும். கீறியதைச் சரிசெய்ய வழியே இல்லை. வளைந்ததைக் கையால் எதிர்ப்பக்கம் மடக்கினால் அந்த நிமிடமே கீறிவிடும். கடினமான உறையில் மெதுவாகச் செருகி, சமமான எடையின் கீழ் நாள்கணக்கில் விடுவதைத் தவிர வேறு எதையும் நான் செய்வதில்லை. இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் பற்றிய யோசனைகளை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஆண்டுகளில் 1971தான் கடினமானது. மற்ற ஆண்டுகளில் கூப்பன் அனுப்பி முழுத் தொடரையும் தபாலில் பெற முடிந்தது. 1971இன் 75 கார்டுகளோ பெட்டிக்குள் மட்டுமே வந்தன, பெட்டிக்கு ஒன்று. முழுத் தொடர் வேண்டுமென்றால் குடும்பமே மூன்று வேளையும் கார்ன்ஃபிளேக்ஸ் தின்றிருக்க வேண்டும். 1973இல் மட்டும் பிளாஸ்டிக் படலம் கிடையாது, சாதாரண அச்சு. போலி என்று பயந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 1970இல் ரோல்டு கோல்டு பிரெட்ஸல் பாக்கெட்டில் பழங்கால மேதைகள் 15 பேரின் முப்பரிமாணக் கார்டுகள் வந்தன. அதே 15ஐயும் 1972இல் கெல்லாக்ஸ் மறுபடி வெளியிட்டது. பின்புறம் உள்ள பதிப்புரிமை ஆண்டைப் பார்த்தால் எது எது என்று தெரியும்.

ஹாட் டாக் கார்டுகள் ஏன் இவ்வளவு விலை?

இறைச்சியோடு ஒரே பாக்கெட்டில் குளிர்பெட்டியில் கிடந்த காகிதம் எந்த நிலையில் வெளியே வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கொழுப்பும் ஈரமும் ஏறி, மூலை நைந்து போகும். பிள்ளை துடைத்து வைத்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் குப்பை. அதோடு இவை பெரும்பாலும் உள்ளூர்க் கம்பெனிகள். அந்த ஊர் அணியின் ஆட்டக்காரர்களை மட்டும் போட்டு, அந்த ஊர்க் கடைகளில் மட்டும் விற்றார்கள். நியூயார்க்கின் ஸ்டால்-மேயர் 1953இல் போட்டது ஒன்பதே கார்டு: யாங்கீஸ், ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ் என்ற மூன்று உள்ளூர் அணிகளிலிருந்தும் மும்மூன்று பேர். சின்சினாட்டியில் கான்ஸ் கம்பெனி 1955இல் தொடங்கி 1969 வரை விடாமல் போட்டது. டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்தபின் மோரெல் இறைச்சிக் கம்பெனி 1959 முதல் 1961 வரை வெளியிட்டது.

எல்லாவற்றிலும் புகழ் பெற்றது 1954இன் வில்சன் ஃபிராங்க்ஸ். மொத்தம் 20 கார்டு. ஒவ்வொன்றிலும் வில்சன் ஹாட் டாக் பாக்கெட் ஒன்று வானத்தில் பறந்துகொண்டிருக்கும். டெட் வில்லியம்ஸ், அந்தக் காலத்தின் தலைசிறந்த பேட்டர்களில் ஒருவர், மட்டையோடு நிற்க, அவர் பக்கத்தில் ஹாட் டாக் மிதக்கிறது. இதைவிட வெட்கமில்லாத விளம்பரத்தை நான் பார்த்ததில்லை. சுத்தமான நிலையில் இதை வாங்கும் செலவுக்கு ஒரு நல்ல கார் வாங்கலாம்.

ரொட்டி, சிப்ஸ், மிட்டாய், நாய் உணவு?

ரொட்டியில் முதலில் சொல்ல வேண்டியது 1947இன் பாண்ட் பிரெட். கறுப்பினத்தவரைச் சேர்க்காத நிறத் தடையை உடைத்து, மேஜர் லீக் எனும் உயர்மட்ட ஆட்டத்தில் ஜாக்கி ராபின்சன் இறங்கிய அதே ஆண்டில், அவர் ஒருவருக்காக மட்டுமே 13 கார்டுகள் போட்டார்கள். சிப்ஸில் 1954இன் டான்-டீ, 29 கார்டு. எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 1971இல் மில்க் டட்ஸ் என்ற சாக்லேட் மிட்டாய், ஐந்து சென்ட் பெட்டியின் முதுகில் ஒரு ஆட்டக்காரரைப் போட்டது. இதை வெட்டாமல் பெட்டியாகவே சேர்ப்பதுதான் வழக்கம். வீட்டீஸ் தானியம் 1930களிலேயே பெட்டியின் முதுகில் பேஸ்பால்காரர்களைப் போட்டுவந்தது.

நாய் உணவு என்றால் ரெட் ஹார்ட், 1954. மொத்தம் 33 கார்டு. சிவப்பு, பச்சை, நீலப் பின்னணியில் பதினொன்று பதினொன்றாக மூன்று வரிசை. டின் லேபிளும் கொஞ்சம் காசும் அனுப்பினால் ஒரு வரிசை தபாலில் வரும். பொட்டலத்துக்குள் படாமல் உறையில் வந்ததால் இவை நல்ல நிலையில் கிடைக்கின்றன. அந்த ஆண்டு டாப்ஸிலும் போமனிலும் இல்லாத ஸ்டான் மியூசியல் இதில் இருக்கிறார். செயின்ட் லூயிஸ் நகரமே கொண்டாடிய பேட்டரை 1954இல் கம் கம்பெனிகள் தராதபோது நாய் உணவுக் கம்பெனி தந்தது.

க்ராக்கர் ஜாக் கார்டு 1914ஆ, 1915ஆ என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்பக்கத்தைத் திருப்புங்கள். தொடரில் எத்தனை படம் என்று அங்கேயே அச்சாகியிருக்கும்: 144 என்றால் 1914, 176 என்றால் 1915. அட்டையைப் பக்கவாட்டில் புரட்டிப் பார்க்கும்போது தெரியும் இன்னொரு வித்தியாசம், 1915இன் பின்புற எழுத்து முன்புறத்துக்குத் தலைகீழாக நிற்கும். பிட்ச்சர் கிறிஸ்டி மாத்யூசன் 1914இல் பந்து வீசும் கோலத்திலும் 1915இல் மார்பளவுப் படமாகவும் இருக்கிறார். அவரைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்.

1914 கார்டுகள் பெட்டிக்குள் மட்டும்தான் வந்தன, அதனால் கேரமல் கறை தவிர்க்க முடியாதது. 1915இல் கூப்பன் சேர்த்து அனுப்பினால் முழுத் தொடரும் தபாலில் வந்தது. சுத்தமான க்ராக்கர் ஜாக் கார்டு பெரும்பாலும் 1915ஆக இருப்பதற்கு இதுவே காரணம்.

சிவந்த பின்னணியில் அந்தக் காலத்து நட்சத்திரங்களான டை காப், ஹோனஸ் வாக்னர், ஷூலெஸ் ஜோ ஜாக்சன் எல்லோரும் இதில் உண்டு. புகையிலைக் கார்டில் கிடைக்கவே கிடைக்காதவர் என்று பெயர் வாங்கிய அதே வாக்னர்தான். அது விற்கும் விலையைப் பார்க்க இது மலிவு, நம் சம்பளத்தைப் பார்க்க இல்லை. மேஜர் லீக்காக இரண்டே ஆண்டு நடந்து மறைந்த ஃபெடரல் லீக்கின் ஆட்டக்காரர்களும் இந்தத் தொடரில் இருக்கிறார்கள். வரலாற்று ருசி உள்ளவர்கள் அவர்களிடமிருந்து தொடங்கலாம்.

கறையை நீக்கலாமா?

கூடாது. எண்ணெயை எடுக்கும் கரைப்பான் மையையும் சேர்த்து எடுக்கும், காகித நாரைத் தளர்த்தும். அதோடு, கறை இந்த வகையில் பாதிச் சாட்சி. 1914 கேரமல் கறை கார்டு பெட்டிக்குள் இருந்ததைச் சொல்கிறது. ரசாயனத்தால் வெளுத்த கார்டைத் தரச்சான்று நிறுவனங்கள் கண்டுபிடித்துத் தரம் தராமல் திருப்பிவிடும்.

போலியில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது எப்படி?

பெட்டிக் கார்டின் பின்புறம் பெட்டி அட்டையின் பின்புறமாக இருக்க வேண்டும்: பூச்சில்லாத, நாளாகி நிறம் மாறிய அட்டை. பளிச்சென்ற வெள்ளைத் தாளில் போஸ்ட் மேன்டில் கிடைத்தால் அது யாரோ நகலெடுத்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் படம் வண்ணப் புள்ளிகளாகத் தெரியும், எழுத்தும் கோடும் கெட்டியாக நிற்கும். நகலில் எழுத்தின் விளிம்பும் புள்ளிகளாகச் சிதறும். க்ராக்கர் ஜாக்கின் மறுபதிப்புகள் ஏராளம். அவற்றில் தேய்த்து, தேநீரில் நனைத்துப் பழசாக்கியவையும் உண்டு. அசல் தாள் மிக மெலிது.

அதே தொடரின் விலை குறைந்த கார்டை முதலில் வாங்கி அருகில் வைத்து ஒப்பிடுவதைப்போல் நல்ல பாதுகாப்பு வேறில்லை. அதே தொடரின் சாதாரணக் கார்டு நாலைந்து கையில் இருந்தால், தடிமனும் வாசனையும் விரலுக்குப் பழகிவிடும்.

தரச்சான்று வாங்க வேண்டுமா?

விலையுயர்ந்த கார்டு என்றால் ஆம். 1991இல் தொடங்கிய பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் கார்டைப் பரிசோதித்துப் பத்துக்குள் மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருகின்றன. கையால் வெட்டிய கார்டுகளுக்கு, சுற்றியுள்ள வெட்டுக்கோடு தெரிய வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கோட்டுக்கு உள்ளே கத்தரி போயிருந்தால் எண் கிடைக்காது. 'அசல்' என்று மட்டும் முத்திரை விழும். ஐந்து டாலர் கார்டுக்கு அதைவிட அதிகக் கட்டணம் கட்டிச் சான்று வாங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சேர்ப்பது பிளாஸ்டிக்கை.

சில வட்டக் கார்டுகளில் தொப்பியில் அணிச் சின்னமே இல்லை. கோளாறா?

கோளாறில்லை. 1976 வாக்கில் கிரேன் சிப்ஸ் போன்ற பல பிராண்டுகளுக்காக 70 வட்டக் கார்டுகள் கொண்ட ஒரே தொடரை அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஆட்டக்காரர் சங்கத்தின் அனுமதி மட்டும் வாங்கினார்கள், அணிகளிடம் வாங்கவில்லை. ஆகவே முகம் இருக்கும், சின்னம் அழிக்கப்பட்டிருக்கும். மலிவாகக் கிடைக்கும், முன்பக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்பதால் பின்பக்கத்து பிராண்டைப் பார்த்து வாங்குங்கள்.

குறைந்த செலவில் எதிலிருந்து தொடங்கலாம்?

எழுபதுகளின் கடைசி ஆண்டுகளின் கெல்லாக்ஸ். அன்று தபாலில் முழுத் தொடராக வாங்கி அலமாரியில் வைத்தவர்கள் நிறைய, அதனால் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அடுத்தது ஹோஸ்டஸின் வெட்டிய சாதாரணக் கார்டுகள். அவற்றில் கை பழகியபின் 1961 போஸ்ட். ஹாட் டாக் பக்கம் ஆரம்பத்தில் போகவே வேண்டாம்.

எல்லாம் வேண்டும் என்று இறங்கினால் மூழ்கிவிடுவீர்கள். ஒரு அணி, அல்லது ஒரு ஆட்டக்காரர், அல்லது ஒரு தின்பண்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் மனநிறைவோடு சேர்ப்பவர்கள் மூன்றாவது வகை.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற ஈரக் காற்றுள்ள ஊருக்கு எடுத்துவந்தால் எப்படிப் பாதுகாப்பது?

மெல்லிய பாலிப்ரொப்பிலீன் உறையில் இட்டு, அதன்மேல் கடின உறை. பிவிசி உறைகள் வேண்டாம். நாளாக அவற்றிலிருந்து எண்ணெய்ப் பசை கசிந்து அச்சில் ஒட்டும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு வைத்து, அந்தப் பைகளை அவ்வப்போது காயவைத்து மாற்றுங்கள். வெளிச்சுவரோடு ஒட்டிய அலமாரி, பரண், சமையலறைப் பக்கம் மூன்றும் ஆகாது. உணவோடு இருந்த அட்டை என்பதால் வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பானுக்கும் இதில் தனி ருசி உண்டு. கற்பூர உருண்டையைக் கார்டோடு ஒரே டப்பாவில் போடாமல் அலமாரியைச் சுத்தமாக வைப்பதே வழி. கெல்லாக்ஸ் கார்டு மட்டும் இந்த வெயிலுக்குத் தாங்காது. ஏசி ஓடும் அறையில் வைக்க முடியாதென்றால் அதை அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.